வாயிலைக் காக்கும் ஒளிக்கண்

இல்லமும் இயந்திரமும்

வாயிற்கதவைக் கையால் தள்ளித் திறந்து, கையால் இழுத்துச் சாத்திய காலத்தில், கதவை நகர்த்தியவருக்குக் கண் இருந்தது. கதவுக்கும் தூணுக்கும் நடுவே குழந்தையொன்று வந்து நின்றால் தள்ளும் கை தானே நின்றுவிடும். ஓர் ஆட்டுக்குட்டி புகுந்தாலும் அவ்வாறே. வலிமையும் பார்வையும் ஒரே ஆளிடம் இருந்தமையால், கதவினால் கேடு விளைவது அரிதாயிற்று. இன்றோ, வலிமை மோட்டாரிடம் சென்றுவிட்டது. காருக்குள் அமர்ந்தபடியே ஒரு பொத்தானை அமுக்கினால், பல நூறு கிலோ எடையுள்ள இரும்புக் கதவு தானே நகர்ந்து வந்து சாத்திக்கொள்கிறது. மோட்டாருக்கு வலிமை உண்டு; பார்வை கிடையாது. குறுக்கே நிற்பது காற்றா, கல்லா, குழந்தையா என்பதை அது தானாக அறியாது. அதற்குப் பார்வையாக நாம் பொருத்தி வைப்பதே 'சென்சார்' என்று வழங்கும் ஒளிக்கண். அந்தக் கண்ணை வீட்டிலுள்ளோர் தாமே பேணுவது எவ்வாறு என்பதனையே இத்திங்கள் இப்பகுதியில் ஆராய எண்ணுகிறோம்.

ஊரைவிட்டு வந்து வெளிமாநிலங்களில் குடியேறியுள்ள நம் குடும்பங்களுக்கு இது புறம்பான பொருள் அன்று. தில்லி, நொய்டா, குருகிராமம் ஆகிய இடங்களில் தரைத்தளத்தைக் கார் நிறுத்துவதற்கென ஒதுக்கிவிட்டு, மேலே மாடிக்கு ஒரு குடும்பமாக வாழும் வீடுகள் தெருத்தோறும் எழுந்துள்ளன. புணே, பெங்களூரு, ஐதராபாத் நகரங்களில் தனி வீடுகளை வரிசையாகக் கட்டிச் சுற்றுச்சுவர் எழுப்பிய குடியிருப்புகள் பெருகியுள்ளன. இவற்றின் வாயில்களில் மின்விசைக் கதவு சாதாரணக் காட்சி ஆகிவிட்டது. தண்டவாளத்தின்மேல் பக்கவாட்டில் சறுக்கிச் செல்லும் கேட் ஒரு வகை. இரு மடல்களாக உட்புறம் திறக்கும் கேட் இரண்டாம் வகை. கடைகளில் காண்பதுபோல் மேலே சுருண்டு ஏறும் ஷட்டர் மூன்றாவது. அமெரிக்க வீடுகளில் போன்று பலகைகளாக மேலேறிக் கூரையின் அடியில் படிந்துகொள்ளும் காரேஜ் கதவு நான்காவது. வகை எதுவாயினும், மோட்டார் பூட்டிய கதவுக்கு ஒளிக்கண் வேண்டும் என்பதில் வேற்றுமை இல்லை.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. ஊரிலிருந்து பெற்றோர் வருகின்றனர். இரண்டு மூன்று திங்கள் தங்குகின்றனர். கதவு என்றால் தள்ளியவர் கைக்கு அடங்கி நிற்பது என்பதே அவர்கள் வாழ்நாளெல்லாம் கண்டது. மூடிவரும் கேட்டைக் கண்டால், 'சற்றுப் பொறு' என்று சொல்வதுபோல் கையை நீட்டித் தடுக்க முற்படுவது அவர்களுக்கு இயல்பு. பேரக்குழந்தைகளுக்கோ, நகரும் கேட் ஒரு தேர். கம்பியைப் பற்றித் தொற்றிக்கொண்டால் சவாரி. ஆக, கதவின் இயல்பை அறியாத இரு சாராரும் ஒரே வாயிலில் நடமாடுகின்றனர். அவர்களுக்காகவேனும் இந்தக் கண் பழுதின்றி இருத்தல் வேண்டும்.

இதன் தேவையை உலகம் எளிதில் உணர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில், தானே இயங்கும் காரேஜ் கதவுகளின் அடியில் அகப்பட்டு, 1982 மார்ச்சு முதலாக 2 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் ஏறத்தாழ 60 பேர் உயிரிழந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் எச்சரிக்கை அறிக்கையில் தெரிவித்தது. இதன் விளைவாக 1990ஆம் ஆண்டு அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. 1993 ஜனவரி 1 முதல் செய்யப்படும் வீட்டுக் காரேஜ் மோட்டார் ஒவ்வொன்றும், அகப்படுவோரைக் காக்கும் கூடுதல் அமைப்பு ஒன்றைக் கொண்டிருத்தல் கட்டாயமாயிற்று. தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் இருபுறமும் பொருத்தும் ஒளிக்கண்ணே பெரும்பாலும் அதற்குப் பயன்பட்டது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு, ஒரு வாரத்துக்குள்ளாக, ஐந்தும் ஆறும் வயதுடைய சிறுமியர் இருவர் வெவ்வேறு ஊர்களில் மின்விசை வாயிற்கதவுகளில் நசுங்கி இறந்தனர். அதன் பின்னர் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை, வாயிற்கதவு அமைப்போர் அனைவருக்கும் எச்சரிக்கை விடுத்தது. சட்டங்களும் விதிகளும் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளின் கண்ணீருக்குப் பின்னரே எழுதப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டில், கேட்டுக்கு மோட்டார் வைப்பவர் பலர் ஒளிக்கண்ணைத் தனி விலைப்பொருளாகவே சொல்கின்றனர். மொத்தச் செலவைக் குறைக்க எண்ணும் வீட்டுக்காரர், 'அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுவதும் உண்டு. மோட்டாருக்கும் இரும்புக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஓர் இணை ஒளிக்கண்ணின் விலை சிறிதே. பொருத்தாதவர்கள் முதலில் அதனைப் பொருத்தச் செய்க. பொருத்தியவர்களுக்கே பின்வருவன.

ஒளிக்கண் செயற்படும் முறை எளியது. வாயிலின் ஒரு பக்கத்தில் இருப்பது அனுப்பும் கண். மறு பக்கத்தில் அதற்கு நேர் எதிரே இருப்பது ஏற்கும் கண். அனுப்பும் கண், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாக எறிந்துகொண்டே இருக்கும். நம் தொலைக்காட்சி ரிமோட்டிலிருந்து புறப்படுவதும் இத்தகைய ஒளியே. துடிப்பாக அனுப்புவதன் காரணம், ஏற்கும் கண் அதனைச் சூரிய ஒளியினின்றும் விளக்கொளியினின்றும் பிரித்து அறிதற்பொருட்டாம். ஒளி தடையின்றி வந்து சேரும் வரையில் 'வழி வெறுமையாக உள்ளது' என்று மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செய்தி செல்லும். யாரேனும் குறுக்கே வந்து ஒளி அறுபட்டால் செய்தியும் அறுபடும். மூடிக்கொண்டிருக்கும் கதவு உடனே நின்று, திரும்பித் திறந்துகொள்ளும். சில அமைப்புகளில் இரு கண்களுக்குப் பதிலாக ஒருபுறம் கண்ணும் மறுபுறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பானும் இருக்கும். தத்துவம் ஒன்றே.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. கம்பி அறுந்தாலும், கண்ணில் தூசு படிந்தாலும், மின்சாரம் கண்ணுக்குச் செல்லாவிடினும், செய்தி நின்றுவிடும். கதவும் மூட மறுக்கும். அதாவது, ஐயம் வந்தால் மூடாதே என்பதே இதன் அறம். ஆகவே 'கதவு மூட மாட்டேன் என்கிறது' என்று நாம் சலித்துக்கொள்ளும் வேளையில், பெரும்பாலும் இயந்திரம் தன் கடமையையே செய்துகொண்டிருக்கிறது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் நாம் சொல்லப்போகும் பெரும் தவற்றினின்றும் தப்பலாம்.

இனி, பேணும் முறை. திங்கள் ஒருமுறை, எல்லோரும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமையொன்றில், அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதலாவது, பார்வையிடுதல். பெரும்பாலான ஒளிக்கண்களில் சிறு விளக்கொன்று எரியும். அது அசையாமல் எரிந்தால் இரு கண்களும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கின்றன என்று பொருள் கொள்ளும் தயாரிப்புகள் பல. மினுக்கினாலும் அணைந்தாலும் பார்வை பிசகியது எனலாம். சில தயாரிப்புகளில் ஒளி அறுபட்டால்தான் விளக்கு எரியும். விளக்கின் நிறமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எனவே கதவோடு தந்த குறிப்பேட்டைத் தூக்கி எறியாமல், ரேஷன் அட்டையும் வரி ரசீதும் வைக்கும் பெட்டியிலேயே அதனையும் வைத்திருத்தல் நன்று.

இரண்டாவது, வழியைச் சீர்படுத்துதல். பூந்தொட்டி, சைக்கிள், துடைப்பம், கழற்றிவிட்ட செருப்பு, தொங்கும் கொடி இவற்றில் எதுவும் ஒளியின் பாதையில் இருத்தலாகாது. காற்றில் அசையும் ஒரு மணிப்பிளாண்ட் இலையே கதவை நாள் முழுதும் திறந்து மூடச் செய்யப் போதுமானது.

மூன்றாவது, துடைத்தல். மின்விசையை நிறுத்திவிட்டு, மென்மையான பருத்தித் துணியால் கண்ணின் முகத்தைத் துடைக்க வேண்டும். அழுக்கு பிடித்திருந்தால் துணியைச் சற்றே நீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளலாம். மண்ணெண்ணெய், தின்னர், பாத்திரம் துலக்கும் தூள், இரும்பு நார் ஆகியன உதவா. அவை பிளாஸ்டிக் முகத்தைக் கீறி மங்கச் செய்துவிடும். மங்கிய கண்ணால் பயன் இல்லை. கார் கழுவும் குழாயால் கண்ணின்மேல் நீர் பாய்ச்சுவதும் கூடாது. வாயில் கழுவும்போது வாளி நீரை வீசி ஊற்றும் வழக்கம் உள்ளவர்கள் அந்தப் பக்கம் மட்டும் கையை அடக்கிக்கொள்க.

நான்காவது, நேர்படுத்துதல். பந்து பட்டோ, சைக்கிள் உராய்ந்தோ, கண்ணைத் தாங்கும் பட்டை வளைந்திருக்கலாம். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு நூலொன்றை இறுகப் பிடித்துப் பார்த்தால் உயர வேறுபாடு உடனே தெரிந்துவிடும். கொத்தனார் சுவர் பார்க்கும் அதே முறைதான். தாங்கியின் திருகைச் சிறிது தளர்த்தி, மின்விசை கொடுத்து, விளக்கு அசையாமல் நிலைக்கும் இடத்தில் நிறுத்தி, மீண்டும் முடுக்கிவிட வேண்டும்.

ஐந்தாவதே முதன்மையானது, அது சோதனை. கதவை மூடவிட்டு, அது வந்துகொண்டிருக்கையில், ஒட்டடைக் கம்பையோ நீண்ட மூங்கிலையோ எட்ட நின்று ஒளியின் குறுக்கே நீட்டுக. கதவு உடனே நின்று திரும்ப வேண்டும். கையையும் காலையும் நீட்டிச் சோதிப்பது அறியாமை. பழுதைக் கண்டுபிடிக்கும் சோதனையே விபத்தாகிவிடலாம். இந்தச் சோதனையைக் கதவு முக்கால் பங்கு மூடிய நிலையிலும் ஒருமுறை செய்து பார்த்தல் நலம்.

ஆறாவது, தொடு சோதனை. இது மேலேறி இறங்கும் காரேஜ் கதவுக்கு உரியது. ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைக் கதவு இறங்கும் இடத்தின் நடுவே தரையில் படுக்க வைத்துவிட்டுக் கதவை இறக்குக. கட்டையைத் தொட்டவுடன், இரண்டு நொடிக்குள், கதவு மேலே திரும்புதல் வேண்டும். திரும்பாவிட்டால் ஒளிக்கண் நன்றாக இருந்தாலும் அந்தக் கதவை நம்புவதற்கில்லை. மோட்டாரின் விசையளவைச் சரிசெய்ய வல்லுநரை அழைக்க வேண்டும். அதுவரை மோட்டாரைத் துண்டித்துக் கையால் இயக்குக. சறுக்கும் கேட்டின் தாக்கும் விசையை அளப்பதற்குத் தனிக் கருவி உண்டு. ஐரோப்பியத் தரவிதி, மூடும் விளிம்பும் தூணும் அரை மீட்டருக்குள் நெருங்கிய நிலையில் அந்த விசை 400 நியூட்டனை மீறலாகாது என்கிறது. ஏறத்தாழ 40 கிலோ எடை நம்மேல் அழுந்துவதற்கு ஒப்பானது அது. அதுவும் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே அனுமதி. கடைகளில் உள்ளன போன்ற சுருள் ஷட்டர்கள் பலவற்றில் தொட்டுத் திரும்பும் அமைப்பே இல்லை. அவற்றில் மரக்கட்டைச் சோதனை செய்யவேண்டா. பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கும் வரையில் மட்டுமே ஷட்டர் இறங்கும்படி அமைத்து, ஷட்டரைக் கண்ணால் பார்த்தபடி இறக்குவதே அங்குப் பாதுகாப்பு.

பழுதுகள் ஊருக்கு ஊர் வேறுபடும். தில்லியில் மே, ஜூன் திங்கள்களில் வீசும் புழுதிக்காற்று ஒரே மாலையில் கண்ணை மூடிவிடும்; அப்பருவத்தில் வாரம் ஒருமுறை துடைத்தல் வேண்டும். அதே தில்லியில் டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டத்தில், கண்ணின் முகத்தில் நீர்த்துளி படிந்து ஒளி சிதறும். காலையில் கதவு மூடாவிடின் முதலில் துணியைத் தேடுக, பிறகு தொலைபேசியை. மும்பையில் கடற்காற்றின் உப்பும் நான்கு திங்கள் மழையும் சேர்ந்து, கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு ஏறச் செய்யும். மழைக்கு முன் மே திங்களில் மூடியைத் திறந்து முனைகளைத் தூய்மை செய்வித்து, மூடியின் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தால் மாற்றச் செய்வது அறிவுடைமை. கொல்கத்தாவில் கோடைக்காலத்துக் கால்பைசாகிப் புயல் இடியும் மின்னலுமாக வரும். மின்னல் அதிர்வில் கட்டுப்பாட்டுப் பலகையும் கண்ணும் ஒருசேரக் கெடுவது உண்டு. நல்ல நிலத்தொடர்பும் மின்னதிர்வுத் தடுப்பியும் அங்கே ஆடம்பரம் ஆகா. புயல் குமுறும்போது கேட்டின் மின்விசையை நிறுத்திவைப்பதும் தகும். பெங்களூரில் சிலந்தியும் எறும்பும் மிகுதி. கண்ணின் முகத்துக்கு நேரே சிலந்தி வலை பின்னினால், பனி பிடித்த அதிகாலையில் வலையே திரையாகிவிடும். கம்பி நுழையும் துளை வழியே எறும்பு உள்ளே புகுந்து குடியேறிவிடும். அத்துளையைச் சிலிக்கோன் பசையால் அடைக்கலாம். ஆனால் அடிப்புறத்தில் நீர் வடிவதற்கென உள்ள சிறு துளையை அடைத்துவிடலாகாது. அணிலும் எலியும் கம்பியைக் கடிப்பது எல்லா ஊருக்கும் பொது. கம்பி வெளியே தெரியாமல் குழாய்க்குள் செல்ல வேண்டும்.

நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், அதாவது மாலை ஐந்து மணி சுமாருக்கோ காலை ஏழு மணிக்கோ, கதவு மூட மறுத்துப் பிறகு தானே சரியாகிவிட்டால், அதற்குப் பேய் பிசாசு காரணம் அன்று. சாயும் வெயிலே காரணம். தாழ்ந்த சூரியனின் ஒளி ஏற்கும் கண்ணுக்குள் நேரே பாய்ந்து அதனைக் கூசச் செய்கிறது. சிறு தகட்டால் குடை அமைத்துப் பார்க்கலாம். அது போதாதெனில், அனுப்பும் கண்ணையும் ஏற்கும் கண்ணையும் பக்கம் மாற்றிப் பொருத்தச் சொல்லி, ஏற்கும் கண் வெயிலுக்கு முதுகு காட்டும்படி செய்தால் தொல்லை தீரும். மழையில் மட்டும் பழுது வந்தால் ஈரம் காரணம். எந்நேரமும் பழுது எனில் கம்பியோ கண்ணோ கெட்டது, மாற்றவேண்டியதே.

இனி, நாம் முன்னர்க் குறிப்பிட்ட பெருந்தவறு. கதவு மூட மறுக்கிறது. இரவு பத்து மணி. மறுநாள் காலை அலுவலகம். அழைத்து வந்த மின்பணியாளர் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, ஒளிக்கண்ணின் இரு முனைகளையும் அரை அங்குலக் கம்பித்துண்டால் இணைத்துவிடுகிறார். கதவு மகிழ்ச்சியாக மூடிக்கொள்கிறது. 'இப்போதைக்கு இது போதும் சார், புதுச் சென்சார் வந்ததும் மாற்றிவிடலாம்' என்கிறார். அந்த 'இப்போதைக்கு' என்பது ஆண்டுக்கணக்காக நீடிப்பதை எத்தனையோ வாயில்களில் காண்கிறோம். அந்தக் கம்பித்துண்டு செய்வது யாதெனில், 'வழி வெறுமையாக உள்ளது' என்ற செய்தியை ஓயாமல் மோட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதாம். குழந்தை நின்றாலும் அது அப்படியே சொல்லும். கண் இல்லாத கதவைவிட, பொய் சொல்லும் கண்ணை உடைய கதவு கொடியது. ஏனெனில் வீட்டார் கண் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அசட்டையாக இருப்பர். இரு கண்களையும் கழற்றி மோட்டாரின் அருகே ஒன்றையொன்று பார்க்க ஒட்டிவைப்பதும் இதன் உடன்பிறப்பே.

இந்த வஞ்சனையைப் பலகையைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். முன்சொன்ன மூங்கிற்சோதனை காட்டிக்கொடுத்துவிடும்: ஒளியின் குறுக்கே கம்பு நீண்டும் கதவு நில்லாமல் வந்தால், குறுக்குக் கம்பி இருக்கிறது, அல்லது கண் தொடக்கத்திலேயே இணைக்கப்படவில்லை. வாடகை வீட்டுக்குக் குடிபுகும் அன்பர்கள், குழாயில் நீர் வருகிறதா என்று பார்க்கும் அதே நாளில் இச்சோதனையையும் செய்து, தவறு கண்டால் வீட்டுக்காரரிடம் சொல்லித் திருத்தச் செய்க. அயலூரில் வீட்டுக்காரரோடு எதற்குப் பேச்சு என்று கூசி இருந்துவிடுவது நம்மவர் பலரிடம் உள்ள வழக்கம். வாடகையைப் பற்றிய பேச்சில் அக்கூச்சம் இருக்கட்டும். உயிரைப் பற்றிய பேச்சில் வேண்டா. புதுக் கண் வரும் வரையில் செய்யத்தக்கது ஒன்றே: ஒவ்வொரு மோட்டாரிலும் கையால் இயக்குவதற்கென ஒரு சாவியோ கயிறோ உண்டு. அதனால் மோட்டாரை விடுவித்து, பழைய வழக்கப்படி கையால் தள்ளிச் சாத்துக. நாலு நாள் கை வலித்தால் குறைவு ஒன்றும் இல்லை.

அந்தச் சாவி எங்கே உள்ளது, எப்படித் திருப்புவது என்பதை வீட்டிலுள்ள பெரியவர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். மின்வெட்டின்போது மட்டும் பயன்படுவது என்று எண்ணலாகாது. ஒருவர் அகப்பட்டுக்கொண்டால் அவரை விடுவிக்கவும் அதுவே வழி. ஆயினும், மேலேறும் கதவு திறந்து நிற்கையில் அதன் வில் முறிந்திருந்தால், கயிற்றை இழுத்தவுடன் கதவு முழு எடையோடு விழக்கூடும். ஆதலின் இயன்றவரை கதவு மூடிய நிலையிலேயே பழகிக்கொள்க.

தொடக்கூடாதவை சில உள. காரேஜ் கதவின் எடையைத் தாங்கும் முறுக்கு வில்லும் இரும்பு வடமும் பெருவிசையை அடக்கி வைத்திருப்பவை. அவற்றின் திருகாணியைத் தளர்த்துவது தேர்ந்த தொழிலாளிக்கே உரிய வேலை. ஒளிக்கண்ணுக்குச் செல்வது பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட்டே ஆயினும், கட்டுப்பாட்டுப் பலகைக்கு 230 வோல்ட் வருகிறது. மெயின் சுவிட்சை அணைக்காமல் அந்தப் பெட்டியைத் திறத்தல் கூடாது. சறுக்கும் கேட்டில், தண்டவாளத்தின் இரு முனைகளிலும் கேட்டை நிறுத்தும் இரும்புத் தடுப்பும், மேலே தூணோடு பிடித்திருக்கும் உருளைகளும் உறுதியாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்க. அவை இல்லாத கேட், தண்டவாளத்தை விட்டிறங்கி ஆள்மேல் சாய்ந்துவிடும். அந்த அபாயத்துக்கு ஒளிக்கண் துணை செய்யாது.

ஒளிக்கண்ணின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. அது வாயில் முழுவதையும் பார்ப்பதன்று. ஒரே ஒரு கோட்டை மட்டும் பார்க்கிறது. தரையிலிருந்து அரை முழ உயரத்தில் செல்லும் ஒளி, உயர்ந்த அடிப்பாகம் உடைய காரின் கீழே சக்கரங்களுக்கு இடையே தடையின்றிப் புகுந்து போய்விடலாம். கார் நடுவே நிற்கக் கதவு அதன்மேல் இறங்கும். முழங்கால் உயரத்தில் செல்லும் ஒளியின் அடியில் தவழும் குழந்தையும் படுத்திருக்கும் நாயும் தப்பிவிடும். வாயிலில் குனிந்து கோலமிடும் தாய்மாரும் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி அமர்ந்திருக்கக் கூடும்; இருள் பிரியாத நேரம், மேல்மாடிக்காரர் விமான நிலையத்துக்குப் புறப்படும் அவசரம். கோலமிடும் வேளையில் கேட்டின் சுவிட்சை அணைத்து வைப்பது என்று மாடியிலுள்ள எல்லாக் குடும்பங்களும் கூடி ஒரு வழக்கம் செய்துகொள்ளலாம். சறுக்கும் கேட்டில், தரையருகே இன்னோர் இணைக் கண்ணும், மூடும் விளிம்பில் தொட்டால் நிறுத்தும் ரப்பர்ப் பட்டையும் சேர்த்துக்கொள்வது சிறப்பு.

நம் பண்டிகைகளையும் கருதுக. பொங்கலுக்குக் கரும்பும், திருமணத்துக்கு வாழைமரமும் கட்டுவது தூணில்தான். ஒளிக்கண் இருப்பதும் அதே தூணில்தான். வாழையிலை மறைத்து, விருந்தினர் கார்கள் வெளியே காத்து நிற்க, அவசரத்துக்கு யாரோ குறுக்குக் கம்பி போட்டுவிடும் நாள் அதுவே. அத்தகைய நாள்களில் மோட்டாரை விடுவித்து, கேட்டை முழுதும் திறந்து வைத்து, ஓர் ஆளை நிறுத்துவது மேல். கார்த்திகை அகலைக் கண்ணின் மேடையில் ஏற்றலாகாது. புகையும் சூடும் அதன் முகத்தைக் கெடுத்துவிடும்.

வாயிற்காவலரையும் நாம் மறத்தலாகாது. நம்மைப்போலவே அவரும் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர். நாளொன்றுக்கு நூறு முறை அந்தக் கேட்டை இயக்குபவர் அவரே. அதன் அருகே மிகுதியும் நிற்பவரும் அவரே. அவருடைய மொழியில் நான்கு வரி எழுதிக் காவலறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்: கேட் முழுதும் மூடும் வரை பார்த்திரு, மூடும்போது யாரையும் கடக்கவிடாதே, குழந்தைகளிடம் ரிமோட்டைத் தராதே, கண்ணின் விளக்கு மாறினால் உடனே சொல். குடியிருப்புக் குழுவில் பொறுப்பு வகிக்கும் சங்க அன்பர்கள், திங்கள்தோறும் செய்த சோதனையின் நாளையும் முடிவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க ஏற்பாடு செய்வாராயின், பராமரிப்பு என்பது ஒருவர் நினைவை நம்பியதாக இராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடித்து முடிந்ததும் அந்தக் கம்பைச் சுவரில் சாத்திவிடாமல், வீட்டுப் பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு வாயிலுக்குச் செல்க. எட்ட நின்று ஒளியின் குறுக்கே கம்பை நீட்டிக் காட்டுக. கதவு நின்று திரும்புவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். நின்றது ஒளிக்கண்ணால், அந்தக் கண் ஒருநாள் கெடவும் கூடும், ஆதலால் நகரும் கதவின் குறுக்கே ஒருபோதும் ஓடலாகாது என்று சொல்லிக்கொடுங்கள். கதவு நில்லாமற்போனால், அன்றைக்கே மோட்டாரைத் துண்டித்துவிட்டு ஆளை அழையுங்கள்.